எழுதியவர் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது! (தமிழ் இணையத்தளங்களைத் திருத்திய வாசகர்களின் கதை)

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு காசு இருந்தது. அம்மன் காசு என்று பெயர். சின்னச் செம்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் மக்களுக்குக் கொடுப்பார்கள். சமஸ்தானத்துக்குள் அது செல்லும். எல்லையைத் தாண்டித் திருச்சிப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ போய்விட்டால் வெறும் செம்புத் துண்டுதான். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அந்தக் கதை முடிந்துபோனது.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. அதே கதை தமிழ் எழுத்துக்கே வந்தது. இணையத்தில் ஒரு தளத்தில் செல்லுபடியான தமிழ் எழுத்து இன்னொரு தளத்தில் செல்லவில்லை. ஒருவர் கணினியில் அழகான தமிழாகத் தெரிந்த பக்கம், அடுத்தவர் கணினியில் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவும் அரை, முக்கால் குறிகளாகவும் தெரிந்தது. இன்றைக்கு செல்பேசியில் "அம்மா" என்று தட்டினால் உலகத்தின் எந்த மூலையிலும் அது "அம்மா" என்றே போய்ச் சேருகிறது. இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. "உங்கள் பக்கம் எனக்குத் தெரியவில்லை" என்று யாரோ ஒருவர் சொல்ல, இன்னொருவர் உட்கார்ந்து திருத்த, மறுபடி வேறொருவர் குறை சொல்ல... இப்படியே சுமார் பதினைந்து ஆண்டுகள் நடந்த வேலையின் பலன் அது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

128 அறைகளும் 247 எழுத்துகளும்

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். அந்தக் காலத்து முறையில் ஓர் எழுத்துருவுக்குள் மொத்தம் 256 அறைகள். முதல் 128 அறைகள் ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றுக்கு. ஆஸ்கி என்று சொல்வார்கள். மீதி 128 அறைகளில்தான் தமிழைக் குடியேற்ற வேண்டும். தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247 எழுத்துகள்! அதனால் எழுத்துகளை உடைத்தார்கள். கால் தனி, கொம்பு தனி, இரட்டைக் கொம்பு தனி. கு, கூ போல உடைக்க முடியாதவற்றுக்குத் தனித்தனி அறை.

எந்த எழுத்துக்கு எந்த அறை என்று சொல்ல ஆள் இல்லை. எழுத்துரு செய்தவர்கள் அவரவர் வசதிப்படி வைத்தார்கள். ஒருவர் 'க' வைத்த அறையில் இன்னொருவர் 'து' வைத்தார். பலர் ஆங்கில எழுத்துகளுக்கான அறைகளிலேயே தமிழை வைத்தார்கள். இணையப் பக்கம் போகும்போது எண்கள் மட்டும்தான் போகும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போய்ச் சேர்ந்தால் அந்த எண்ணுக்கு வேறு ஏதோ ஓர் எழுத்து தெரியும். அம்மன் காசு எல்லை தாண்டிய மாதிரிதான்.

எழுத்துரு செய்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் இருந்த கு. சீனிவாசன் 1980-களிலேயே 'ஆதமி' என்ற தமிழ்ச் செயலியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்காக நான்கு மொழிகளில் ஓர் இணையத்தளம் தொடங்கப்பட்டபோது அதில் தமிழும் ஏறியது. இணையத்தில் தமிழ் ஏறிய முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

எல்லோரும் தனித்தனியாகச் செய்தார்கள். எல்லோருடைய வேலையும் அவரவர் கணினியில் சரியாகவே இருந்தது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. தளத்தைச் செய்தவர் கணினியில் அந்த எழுத்துரு ஏற்கெனவே இருக்கும். எனவே அவர் எத்தனை முறை திறந்து பார்த்தாலும் தவறு அவர் கண்ணுக்குப் படாது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யக் கூடாது என்பது முதல் பாடம். அங்கே அந்த விதி, எழுதியவர் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கும் சேர்த்து. இங்கேயோ ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவருக்குக்கூடத் தன் பிழையைப் பார்க்க வழியே இல்லை. வேறு ஊரில், வேறு கணினியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொன்னால்தான் உண்டு.

மடல்களில் வளர்ந்த திஸ்கி

1990-களின் நடுவில் உலகத் தமிழர்கள் கூடிப் பேசிய இடங்களில் ஒன்று தமிழ்.நெட் மடலாற்குழு. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் இருந்த பாலா பிள்ளை இதை நடத்தினார். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தமிழ்நாடு என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வகைக் கணினி, ஒவ்வொரு வகை மென்பொருள். ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவருக்குக் குப்பையாகப் போய்ச் சேர்ந்தால், அடுத்த நாள் குறை வந்துவிடும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு நடந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரே குறியீடு வேண்டும் என்ற பேச்சு அங்கே சூடு பிடித்தது. அதற்குப் பிறகு எழுத்துரு செய்பவர்களும் தளம் நடத்துபவர்களும் தனியாக ஒரு மடலாற்குழு வைத்து, எந்த எழுத்துக்கு எந்த அறை என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள், பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராதவர்கள்! சம்பளமும் கிடையாது. அந்த வாதத்தில் பிறந்ததுதான் திஸ்கி. ஆங்கிலத்துக்கு உரிய முதல் 128 அறைகளைத் தொடாமல், மேல் 128 அறைகளில் மட்டும் தமிழை வைக்கும் முறை. ஒரே மடலில் ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத முடிந்தது.

திஸ்கி ஒரே நாளில் முடிந்த வேலை இல்லை. 1.6, 1.7 என்று பதிப்புகள் மாறிக்கொண்டே வந்தன. ஏன் மாறின என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

திஸ்கியில் 'இ' என்ற எழுத்து 173-வது அறையில் இருந்தது. பட்டியலில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த எண் ஐரோப்பியக் குறியீட்டு முறையில் 'மென் இணைகோடு' என்ற குறிக்கு உரியது. ஒரு சொல் வரியின் கடைசியில் உடைந்தால் மட்டும் கோடு போட வேண்டும், மற்ற நேரங்களில் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது அந்தக் குறியின் பொருள். சில மென்பொருள்கள் அந்த விதியை அப்படியே பின்பற்றி 173-ஐ மறைத்துவிட்டன. விளைவு? 'இ' காணாமல் போனது. "இல்லை" என்பது "ல்லை" ஆனது. "இலங்கை" என்பது "லங்கை" ஆனது! எழுத்துருவைச் செய்தவர் கணினியில் 'இ' ஒழுங்காகத் தெரிந்தால் இந்தப் பிழை அவருக்கு எப்படித் தெரியும்? வேறு மென்பொருளில் படித்தவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். 1.7 பதிப்பில் 'இ'க்கு 254-வது அறையில் இன்னோர் இடம் கொடுக்கப்பட்டது. பழைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாதே என்று பழைய இடமும் அப்படியே இருந்தது.

ஓர் எழுத்து, ஓர் அறை. ஆனால் அந்த எழுத்தில் தொடங்கும் எத்தனை சொற்கள்!

இரண்டு தராசு

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு 'தமிழ்நெட் 99' மாநாட்டை நடத்தியது. அங்கே 'தமிழ்99' விசைப்பலகை முடிவானது. அது இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் நல்ல முடிவு. ஆனால் எழுத்துக் குறியீட்டில் திஸ்கி ஏற்கப்படவில்லை. 'டாப்', 'டாம்' என்ற இரண்டு குறியீடுகள் அரசின் தரம் ஆயின. முதலாவது ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தது, இரண்டாவது தமிழுக்கு மட்டுமானது.

கடைத்தெருவில் ஒரு பக்கம் ஒரு தராசு, மறுபக்கம் இன்னொரு தராசு என்று ஆகிவிட்டது. வெளிநாட்டுத் தமிழர்களின் மடல்களும் தளங்களும் பெரும்பாலும் திஸ்கியில். தமிழ்நாட்டில் பல மென்பொருள்கள் டாப், டாம் முறையில். பெரிய பத்திரிகைகளோ இரண்டையும் எடுத்துக்கொள்ளாமல் தங்கள் சொந்த எழுத்துருவிலேயே தொடர்ந்தன. ஆளுக்கு ஒரு கருத்து சொல்வதால் மட்டும் ஒரு விஷயம் திருந்திவிடாது, கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்குக் கட்டுப்படவும் வேண்டும் என்பதற்கு இது பாடம். இந்த இழுபறி தெரிந்ததால்தான் 2000-ல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அரசுகள், நிறுவனங்கள், தன்னார்வலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார ஓர் இடம் கிடைத்தது.

படிப்பவரின் பாடு

இந்தக் குறியீட்டுச் சண்டைகளைப் பற்றி ஒன்றும் அறியாத சாதாரண வாசகரின் நிலை என்ன? அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களின் முகப்பில் ஓர் அறிவிப்பு இருக்கும். இந்தத் தளத்தைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள் என்று. நான்கு பத்திரிகை படிக்க நான்கு எழுத்துரு! சொந்தக் கணினி வைத்திருப்பவர் நிறுவிக்கொள்வார். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? அங்கே புதிதாக எதையும் நிறுவக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அனுமதித்தாலும் இறங்கி முடிவதற்குள் காசு கரைந்துவிடும்.

இந்தப் புகாருக்குப் பதிலாக வந்தது 'இயங்கு எழுத்துரு'. பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானாக இறங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஒரு முறையும் நெட்ஸ்கேப் வேறொரு முறையும் வைத்திருந்தன. ஒன்றுக்காகச் செய்தது மற்றதில் வேலை செய்யாது. மறுபடியும் குறை, மறுபடியும் திருத்தம்.

தேடுவது இன்னொரு சிக்கல். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பதோ ஐரோப்பிய எழுத்து எண்கள். எனவே தேடுபொறியில் "புதுக்கோட்டை" என்று தேடினால் அந்தப் பக்கம் வராது. தமிழில் எழுதி இணையத்தில் போட்டும், தமிழில் தேடுபவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

இங்கே சில தன்னார்வலர்களின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியில் இருந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' என்ற எழுத்துரு மாற்றியைச் செய்து இணையத்தில் வைத்தார். ஒரு பெட்டியில் பழைய எழுத்துருவில் உள்ளதை ஒட்டினால் மறு பெட்டியில் யூனிகோடில் வரும். முகுந்த்ராஜ் 'எ-கலப்பை' என்ற தட்டச்சுக் கருவியைத் தந்தார். ஆங்கில விசைப்பலகையிலேயே "அம்மா"வை ஒலி முறையில் அடிக்கலாம். பிறகு சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்திலிருந்து எழுதுவதற்கும் எழுத்துரு மாற்றுவதற்கும் இலவசக் கருவிகள் வந்தன. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் ஒரே விதமாகத்தான் வளர்ந்தன. வெளியிடுவார்கள், பயன்படுத்துபவர் குறை சொல்வார், அடுத்த பதிப்பில் சரி செய்வார்கள்.

தாமதமாக வந்த குறை

யூனிகோட், தமிழில் ஒருங்குறி, 1991-லேயே வந்துவிட்டது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய அட்டவணை. எந்த மொழி எழுத்தும் வேறொரு மொழியின் அறையில் உட்கார வேண்டியதில்லை. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. மேலே சொன்ன குழப்பத்துக்கு எல்லாம் இதுதான் தீர்வு.

ஆனால் அந்தத் தமிழ்ப் பகுதி எப்படி அமைந்தது? இந்திய அரசின் 'இஸ்கி' 1988 முறையை அடிப்படையாக வைத்து அமைந்தது. இஸ்கி எல்லா இந்திய மொழிகளையும் ஒரே அச்சில் வார்த்த முறை. அதன்படி 'ந'வுக்கு அடுத்த இடத்தில் 'ன' வந்தது. 'ர'வுக்கு அடுத்து 'ற' வந்தது. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற தமிழ் நெடுங்கணக்கு வரிசை அங்கே இல்லை. எண் வரிசைப்படி அப்படியே அடுக்கினால் அகராதி வரிசை கெட்டுப்போகும். மென்பொருளில் தனியாக விதி எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். கா, கி போன்ற உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லாததும் பலருக்கு மனக்குறை.

இந்தக் குறைகளைத் தமிழர்கள் பெரிய அளவில் பேசத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. ஒரு முறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்பது யூனிகோட் அமைப்பின் உறுதியான விதி. அதுவும் நியாயமான விதிதான். நகர்த்தினால் அதுவரை உலகம் முழுக்க எழுதியதெல்லாம் குப்பையாகிவிடும். ஆக, வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது பேச வேண்டியதை, கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு பேசிய கதை ஆகிவிட்டது. அன்றைக்கு இணையம் இல்லை, மடலாற்குழு இல்லை. வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எத்தனை தமிழ் எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் இருந்திருக்கும்?

இருந்தாலும் சொன்னதெல்லாம் வீண் போகவில்லை. விட்டுப்போனதைச் சேர்க்கலாம் என்ற வழி திறந்திருந்தது. 2005-ல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில் தமிழ் எண் சுழியமும் 'ஶ' எழுத்தும் சேர்ந்தன. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அது ஒத்துவராத இடங்களுக்காக 'டேஸ்16' என்ற முறையையும் மாற்றுத் தரமாக ஏற்றது. தமிழின் எல்லா உயிர்மெய்களுக்கும் தனி இடம் தரும் முறை அது. அந்தப் பழைய மனக்குறையின் பிள்ளை என்றே அதைச் சொல்லலாம்.

வலைப்பதிவும் பின்னூட்டமும்

2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கின. 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டியதால் ஒருவர் எழுத்தை இன்னொருவர் உடனே படித்தார், உடனே பின்னூட்டம் போட்டார். அந்தப் பின்னூட்டங்களில் கதை கவிதைக்கான பாராட்டு மட்டும் வரவில்லை. எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிகிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, கறுப்புப் பின்னணியில் கண் வலிக்கிறது, பக்கம் திறக்க நேரமாகிறது... இப்படியும் வந்தன.

பெட்டி பெட்டியாகத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 2000 தொடங்கித்தான் 'லதா' எழுத்துருவோடு தமிழ் யூனிகோட் வசதி வந்தது. இன்னும் பலர் விண்டோஸ் 98-ல் இருந்தார்கள். அவர்களுக்கு யூனிகோட் தமிழ் எளிதில் தெரியாது. இந்த இடத்தில் கைகொடுத்தவர் உமர்தம்பி. புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரின் கடற்கரை ஊர், அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் செய்த 'தேனீ' இயங்கு எழுத்துருவைப் பதிவின் வார்ப்புருவில் சேர்த்துவிட்டால், பழைய விண்டோஸ் வைத்திருப்பவரும் அந்தப் பதிவைப் படிக்க முடிந்தது. அந்த எழுத்துருவை அவர் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார். 2006 ஜூலையில் அவர் காலமானார். அவர் எழுத்துருவில் படித்த எத்தனையோ பேருக்கு அவர் பெயரே தெரியாது.

வடிவமைப்பில் நடந்த திருத்தத்துக்கு இன்னோர் உதாரணம். புத்தகத்தில் இருப்பது போல இரண்டு ஓரமும் நேர்கோடாக இருந்தால் அழகு என்று பலரும் தங்கள் பதிவுகளை இருபுறமும் ஒழுங்கு செய்து வைத்திருந்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் அழகுதான். அதையே ஃபயர்பாக்ஸ் உலாவியில் திறந்தால் உயிர்மெய்கள் உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறிவிடும்! எழுதியவர் எக்ஸ்ப்ளோரர் வைத்திருந்தால் வாழ்நாள் முழுக்க அவருக்கு இது தெரியப் போவதில்லை. ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் பின்னூட்டத்தில் சொன்னார்கள், இருபுற ஒழுங்கை எடுத்துவிட்டு இடதுபுற ஒழுங்கு வையுங்கள் என்று. பதிவர்கள் வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றினார்கள். 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3 இந்தக் குறையை உலாவியிலேயே தீர்த்தது. அதுவரை தமிழ்ப் பதிவுகளைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி யோசனைதான்.

பிழை திருத்துபவர் பெயரும் அட்டையில்

குறியீடும் வடிவமும் சரியானால் போதுமா? உள்ளே இருக்கும் எழுத்து சரியாக இருக்க வேண்டாமா?

1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைக்கும் திட்டம். முதல் நூல் திருக்குறள். இங்கே ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் இரண்டு பேர் பெயரும் இருக்கும். அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலும் பெயரே வராத மெய்ப்புத் திருத்துபவருக்கு இங்கே முதல் பக்கத்தில் இடம்! முதலில் திஸ்கியில் வந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன.

ஒருவர் படித்ததை இன்னொருவர் திருத்துவது புதுக்கோட்டை மண்ணுக்கும் பழக்கமானதுதான். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவருக்கான கற்படுக்கையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமை. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தும் இந்த வகைக் குகைக் கல்வெட்டுகள் என்ன மொழி என்றே நெடுநாள் தெளிவில்லை. இவை தமிழ்தான் என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். பிறகு ஐராவதம் மகாதேவன் 1960-களில் தன் வாசிப்புகளை வெளியிட்டார். மறுபடி குகை குகையாக ஏறி இறங்கி, தன் பழைய வாசிப்புகளைத் தானே திருத்தி, 2003-ல் பெரிய நூலாக்கினார். எழுத்து தெரிவது வேறு, படிக்க முடிவது வேறு. கல்லுக்கும் அதே விதி, கணினிக்கும் அதே விதி!

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த வழக்கத்தை இன்னும் பெரிதாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் சேர்ந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், அப்போது வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தளத்தின் பொத்தான்களையும் தலைப்புகளையும் தமிழாக்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. டொராண்டோ என்று எழுதுவதா, ரொறன்ரோ என்று எழுதுவதா? தமிழ்நாட்டு வழக்கா, ஈழத்து வழக்கா? இப்படி எத்தனையோ வாதங்கள் அங்கே நடந்தன. 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அத்தனையும் ஒருவர் எழுத மற்றவர் திருத்தலாம் என்ற ஒரே விதியில் வளர்ந்தது.

புதுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2015 அக்டோபர் 11 அன்று, சென்னை, மதுரை மாநகரங்களுக்குப் பிறகு, வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில் நடந்தது. பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றுகூட இல்லாத ஊர். கவிஞர் நா. முத்துநிலவனும் புதுக்கோட்டைக் கணினித் தமிழ்ச் சங்க நண்பர்களும் முன்னின்று நடத்தினார்கள். அவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து கட்டுரை, கவிதைப் போட்டிகளும் வைத்தார்கள். பல ஆண்டுகளாகப் பின்னூட்டத்தில் மட்டுமே பழகியவர்கள் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுத்துருச் சண்டை ஓய்ந்திருந்தது. அங்கே வந்த யாரும் "உங்களிடம் எந்த எழுத்துரு இருக்கிறது?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வி மறைந்ததே பெரிய வெற்றி அல்லவா?

ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அப்படிச் செய்த பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், 1997 திரும்பி வந்துவிடும்! 1990-களில் தனி எழுத்துருவில் எழுதி, மாற்றாமலே விட்ட பக்கங்களில் பல அழிந்தே போயின. எழுத்துருவோடு சேர்ந்து எழுத்தும் போய்விட்டது. அவற்றை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று அர்த்தம் கிடையாது. அவர்கள் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை, அல்லது சொன்னதைக் கேட்க அவர்கள் அங்கே இல்லை.

அம்மன் காசை இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். செல்லாவிட்டாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது. படிக்க முடியாத கணினிக் கோப்புக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது.

எனவே நண்பர்களே, ஒரு தமிழ்ப் பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தக் கருவியில், எந்த உலாவியில், எந்த எழுத்து எப்படித் தெரிகிறது என்று இரண்டு வரி எழுதிச் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பின்னூட்டத்தால் எழுதியவருக்கு ஒரு நாள் சந்தோஷம். "உங்கள் 'இ' காணவில்லை" என்ற பின்னூட்டத்தால் தமிழுக்கு ஓர் எழுத்து திரும்பக் கிடைத்தது.

இந்தப் பக்கத்துக்கும் அந்த விதி பொருந்தும். பிழை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்!